பாதிக் கிணறும் அப்பாவின் புல்தரையும்

காலையில் பூங்காவைச் சுற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு, பாதி நேரம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கிறோமே, அந்த நம்மைக் கூப்பிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். தாம்பரத்துக்குக் கிழக்கே மனை வாங்கிக் குடிவந்தவர்களின் பிள்ளைகள் நாம். நம் அப்பாக்கள் எல்லாரும் வீடு கட்டிய கதையைச் சொல்லிச் சொல்லியே நம்மை ஓயவைத்தார்கள். வீட்டைச் சுற்றி இருந்த மண்ணை என்ன செய்தார்கள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

போன வாரம் எங்கள் தெருக்கோடியில் புதுவீடு கட்டிய பையன், முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் புல் விரித்தான். பையன் என்றால் நமக்குத்தான் பையன், தலையில் வழுக்கை விழத் தொடங்கிவிட்டது. பாய் மாதிரி சுருட்டி ஆட்டோவில் வந்து இறங்கியது புல். சாயங்காலம் நான் அந்தப் பக்கம் போனபோது வாசலிலேயே மடக்கிவிட்டான்.

"எப்படி ஆன்ட்டி இருக்கு? மெயின்டனன்ஸே கிடையாது. தண்ணியும் வேணாம்."

கையில் ஹோஸ் பைப் பிடித்து அந்தப் புல்லின்மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான். அப்படியானால் இது எதற்கப்பா என்று கேட்டேன்.

"வெயில்ல சுடுது ஆன்ட்டி, கால் வைக்க முடியல. தூசி வேற. டெய்லி ஒரு தடவை அடிச்சு விட்டுடணும்."

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. எங்கள் வீட்டிலும் ஒரு கோடையில் புல் விரித்தார்கள். அது நிஜப் புல். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் குடிவந்தபோது அந்தப் பக்கம் பாதி மனைகள் காலி. நெருஞ்சி முள்ளும் சரளைக் கல்லும்தான். மின்சார ரயில் கிளம்பும் சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கும், விமானப்படையின் சின்ன விமானம் தலைக்கு மேல் வட்டமடிக்கும். மனை வாங்கியபோதே அப்பாவும் பக்கத்து மனைக்காரரும் சேர்ந்து எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு கிணறு வெட்டினார்கள். அப்போது அது வழக்கம்தான். செலவும் பாதி, தண்ணீரும் பாதி. மதில் இரண்டு பக்கமும் வந்து கிணற்றின் விளிம்பில் நின்றுவிடும். கிணற்றுக்குக் குறுக்கே ஒரு கான்கிரீட் உத்தரம் போட்டு, அதன்மேல் மார்பளவுக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு ராட்டினம், இந்தப் பக்கம் எங்களுக்கு ஒன்று. கீழே தண்ணீர் மட்டும் ஒன்று.

பக்கத்து வீட்டில் ஓர் அண்ணனும், அவர் மனைவியான அக்காவும். அண்ணன் குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டர். அக்காவுக்கு அப்போது இருபது வயதுக்குமேல் இருந்திருக்காது. கல்யாணம் ஆகி வந்த புதிதில் தனியாக இருக்கப் பயந்துகொண்டு, கிணற்றடியிலேயே நிற்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அம்மா. இரண்டு பேரும் தலையைக் குனிந்து தண்ணீர் சேந்தியபடியே பேசுவார்கள். பேச்சு கிணற்றுக்குள் இறங்கி, கொஞ்சம் கனத்து, மறுபக்கம் ஏறி வரும். நோன்பு மாதத்தில் சாயங்காலமானால் சுவருக்கு மேலாகக் கஞ்சிப் பாத்திரம் வரும். பொங்கலுக்கு எங்கள் பாத்திரம் அந்தப் பக்கம் போகும்.

அம்மாவை அவள் 'அக்கா' என்பாள். அப்பாவை 'அண்ணா' என்பாள். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பால்காரர், தபால்காரர், அவள் புருஷன் உட்பட எல்லாருக்கும் அப்பா 'சார்'தான். அரசாங்க ஆபீசில் ஹெட்கிளார்க், மடிப்புக் கலையாத சட்டை, எவரோடும் அதிகம் சிரிக்காத முகம். அவரோடு பிறந்ததெல்லாம் ஆண்கள். அதனாலோ என்னவோ, சுவருக்கு அப்பாலிருந்து 'இன்னாண்ணா, ஆபீஸ் வுட்டாச்சா?' என்று கேட்டால் அவர் முகம் ஒரு தினுசாக இளகிவிடும். அவள் பிரசவத்துக்குக் கூடுவாஞ்சேரியில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பியபோது, டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தவர் எங்கள் அப்பா. ஆபீஸ் சட்டையில் துருக்கறை பட்டதற்குக்கூட அன்று அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

எங்கள் தோட்டத்தைத் தோட்டம் என்று அப்பா ஒத்துக்கொண்டதே இல்லை. குளித்த தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலில் ஓடி கல்வாழைக்குப் போகும், அங்கிருந்து கசிந்து வாழைக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. வேப்பிலைச் சருகை அம்மா கூட்டி எரிக்க மாட்டாள், மரத்தடியிலேயே குவித்துவைப்பாள். குவியலைக் கிளறினால் அடிமண் கறுத்து, ஈரமாக, மண்புழுவோடு இருக்கும். எனக்கும் தம்பிக்கும் அதுதான் விளையாட்டு. அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. இன்று நம் தெருவில் சருகை பிளாஸ்டிக் மூட்டையில் கட்டி வாசலில் வைத்துவிட்டு, கடையில் போய் எரு மூட்டை வாங்கி வருகிறோம். எனக்கு வாய் சும்மா இருக்காது, சொல்லிவிட்டேன்.

கோடைக்கென்று கிணற்றுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். காலையில் நாங்கள் சேந்துவோம், சாயங்காலம் அவர்கள். நடுப்பகலில் யாரும் கயிறு இறக்கக் கூடாது, கிணறு ஊற வேண்டும். நானோ தம்பியோ மத்தியானம் ராட்டினத்தைத் தொட்டால் இரண்டு வீட்டிலிருந்தும் அதட்டல் வரும். யாரும் இதை எழுதிவைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை.

அப்பாவுக்கு வந்த ஆசையை இப்போது என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அவருடைய அப்பா ஒரு பெரிய பங்களாவில் வாட்ச்மேன். அந்த பங்களாவின் புல்தரையைச் சுற்றித்தான் அப்பா சிறுவயதில் நடந்திருக்கிறார், அதன்மேல் ஒருநாளும் கால் வைத்ததில்லை. சொந்த வீடு, சொந்த மண் என்று ஆனபிறகு அவர் கண்ணுக்கு எங்கள் கல்வாழையும் வாய்க்காலும் சாக்கடையாகத் தெரிந்தன. அந்த வருஷம் அவருடைய ஆபீசர், கோடை முடிவதற்குள் ஒருநாள் வீட்டைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பங்குனியில் வாழையை வெட்டினார்கள். கல்வாழையை வேரோடு பிடுங்கி வெளியே போட்டார்கள். சருகுக் குவியலுக்கு நெருப்பு வைத்தபோது தெருவே புகைந்தது. பிறகு வண்டியில் செம்மண் வந்தது, ஈரச் சாக்கில் சுற்றிய புல் பத்தை பத்தையாக வந்தது. எங்கிருந்தோ ஒரு பழைய புல்வெட்டும் இயந்திரத்தையும் அப்பா கொண்டுவந்தார். மரக் கைப்பிடி, பச்சை பெயிண்ட், தள்ளினால் கிர்ரென்று சுற்றும் சுருள் கத்தி. எண்ணெய் போட்டுத் துடைத்து, சாமி விக்கிரகம் மாதிரி மாடிப்படிக்குக் கீழே அதை வைத்திருந்தார். பின்னாளில் அது எந்தப் பழைய இரும்புக்காரனிடம் போனதோ தெரியவில்லை.

"இந்த வெயில்லயா புல் போடறது? மழை வரட்டுமே" என்றாள் அம்மா.

"மழையில தானா எல்லா வீட்லயும்தான் முளைக்கும். அதுல என்ன இருக்கு?" என்றார் அப்பா.

புல் பிடித்துக்கொண்டது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் வீடு மட்டும் பச்சையாகத் தெரியும், எனக்குப் பெருமை தாங்காது. ஆனால் அதில் உட்காரக் கூடாது, ஓடக் கூடாது, பந்து விழுந்தால் அப்பாவைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தம்பி ஒருநாள் அதில் படுத்துப் புரண்டு அடி வாங்கினான். யாருக்காகப் புல் வளர்த்தோம் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

புல் குடிக்கிற தண்ணீர் இருக்கிறதே, அதைச் சேந்தி ஊற்றி மாளாது. சித்திரை பிறக்கும் முன்பே மோட்டார் வந்துவிட்டது. வாளி எட்டாத ஆழத்துக்குக் குழாய் போனது. விடிகாலையில் அப்பா சுவிட்சைப் போட்டால், ராத்திரியெல்லாம் ஊறிய தண்ணீர் முழுதும் எங்கள் மேல்தொட்டிக்கு ஏறிவிடும். அம்மா சமையலுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்வாள், மிச்சம் புல்லுக்கு. மத்தியானம் மறுபடி ஒருமுறை மோட்டார் ஓடும். கிணறு ஊறட்டும் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. மோட்டார் இரைச்சலில் கிணற்றடியில் பேச்சும் கேட்காது. அம்மா இரண்டொரு தடவை கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். சாயங்காலம் அவர்கள் முறை. வாளியை இறக்கினால் சேறுதான் வந்தது. ஒருநாள் அவள் புருஷன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"சார், ஒண்ணும் தப்பா நெனச்சிக்காதீங்க. மத்தியானம் மோட்டார் போடாம இருந்தீங்கன்னா எங்களுக்குக் கொஞ்சம் ஊறும். கொயந்த துணியே எம்மாம் கெடக்குது தெரியுமா."

"தெரியும்பா. ஆபீசர் வந்துட்டுப் போயிடட்டும். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோ. இப்ப விட்டா அவ்வளவும் காஞ்சு போயிடும்."

"சரி சார்" என்று போய்விட்டார். அப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆபீசர் அடுத்த வாரம் வருவார், பிறகு நிறுத்திவிடலாம் என்று நிஜமாகவே நம்பினார். ஆபீசர் அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நாங்கள் ஒவ்வொரு வாரமும் புல்லைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தோம்.

கத்திரி வெயிலில் ஒருநாள், நானும் அம்மாவும் கிணற்றடித் துவைகல்லில் துணி கும்மிக்கொண்டிருந்தோம். மோட்டார் ஓடவில்லை, கிணற்றில் உறிஞ்ச ஒன்றும் இல்லை. தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் வழியாகப் புல்லில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு மேலே அக்காவின் முகம் தெரிந்தது. இடுப்பில் குழந்தை, மேலெல்லாம் வேர்க்குரு, ஓயாத அழுகை.

"அக்கா, ஒரு கொடம் தண்ணி வோணும்கா. கொயந்தைக்கு மேல ஊத்தணும். பாரேன், எப்டி வெந்து போய்கீது."

அம்மா எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். தொட்டியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள்.

"அவர் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தரேன்மா" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அம்மாவுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அப்பாவுக்குப் பயந்தவள் இல்லை அவள். அந்த வார இறுதியில் ஆபீசர் கட்டாயம் வருகிறார் என்று அப்பா காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார், அது மனசில் ஓடியிருக்கும். ஆனால் அந்தத் தொட்டியில் இருந்ததில் பாதி பக்கத்து வீட்டுத் தண்ணீர். அவளுடைய தண்ணீரை அவள் எங்களிடம் கேட்டாள், அதற்கு நாங்கள் உத்தரவு வாங்க வேண்டும் என்று சொன்னோம்.

"பரவால்லக்கா" என்று அவள் திரும்பிப் போய்விட்டாள். குழந்தையின் அழுகை வீட்டுக்குள் போய், பிறகு தெருப் பக்கமாகப் போவது கேட்டது. அம்மா மறுபடி குனிந்து ஒரு துணியை எடுத்துக் கல்லில் போட்டாள். பிறகு சட்டென்று புல்லில் கிடந்த குழாயைப் பிடுங்கி, குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கதவு பூட்டியிருந்தது. அந்த உச்சி வெயிலில் நாங்கள் அவர்கள் வாசலிலேயே நின்றோம். வெகுநேரம் கழித்து, அடுத்த தெரு அடிபம்பிலிருந்து அவள் வந்தாள். ஒரு பக்கம் குழந்தை, ஒரு பக்கம் குடம். குழந்தையின் தலை நனைந்திருந்தது, அழுகை நின்றிருந்தது.

"வோணாம்கா. நானே புடிச்சிகினு வந்துட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அம்மா அந்தக் குடத்தைத் திரும்ப எடுத்துவந்து, கிணற்றுக்குள் சாய்த்துவிட்டாள். அவ்வளவு தண்ணீர் விழுந்தும் கீழேயிருந்து பெரிய சத்தம் வரவில்லை.

ஆபீசர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். புல்தரையில் நாற்காலி போட்டு, மேஜைக்கு விரிப்பு விரித்து, அம்மா போண்டா சுட்டிருந்தாள். ஆபீசர் நல்ல மனுஷர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் புல்லில் கால் வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"தண்ணிக்கு எப்படி சமாளிக்கறீங்க சார்? எங்க குவார்ட்டர்ஸ்ல இதுக்குத் தண்ணி ஊத்திக் கட்டுப்படியாகல. போன வருஷமே லானை எடுத்துட்டு வெண்டைக்காய் போட்டுட்டேன். ஜோரா காய்க்குது."

அப்பாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது, இப்போது நினைத்தால் அந்த மனுஷரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அடுத்த முறை வெண்டைக்காய் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆபீசர் போய்விட்டார். அப்புறம் அவர் வரவேயில்லை.

அந்த மாதமே பக்கத்து வீட்டு அண்ணன் பட்டறையிலிருந்து ஓர் இரும்புத் தகடு கொண்டுவந்தார். அரைவட்டமாக வெட்டி, ஓரமெல்லாம் ராவி, கீல் வைத்துத் தங்கள் பக்கத்துக் கிணற்றை மூடினார். வெல்டிங் பொறி சுவருக்கு மேலே பறந்தது. அப்பா என்னப்பா இது என்று கேட்டார்.

"கொயந்த தவய ஆரம்பிச்சா பேஜாரு சார். அதான்."

சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தால் கிணற்றில் பாதி இருட்டாக இருக்கும். அக்கா கிணற்றடிக்கே வருவதில்லை. தெருவில் பார்த்தால் நின்று பேசுவாள், சாப்பிட்டியா என்று என் கன்னத்தைக் கிள்ளுவாள். நோன்பு மாதத்தில் கஞ்சிகூட வந்தது, ஆனால் வாசல் வழியாக, பாத்திரத்துக்கு மேல் தட்டு மூடி, விருந்தாளி வீட்டுக்குக் கொடுப்பதுபோல. அம்மா அதை வாங்கி வைத்துவிட்டு, அன்று சாப்பிடவில்லை.

பின்னால் அவர்கள் வீட்டை விற்றுவிட்டுக் கூடுவாஞ்சேரிப் பக்கமே போய்விட்டார்கள். இப்போது அங்கே நாலு மாடி குடியிருப்பு, அடியில் முழுக்க சிமெண்ட். அப்பாவின் புல்லைக் கோரை தின்றுவிட்டது. அதே வீட்டில்தான் நான் இருக்கிறேன். மாடியில் விழுகிற மழையைக் குழாய் வைத்து என் பாதிக் கிணற்றுக்குள் விடுகிறேன், குளித்த தண்ணீரில் மறுபடி கல்வாழை வைத்திருக்கிறேன், ஒரு சருகையும் வெளியே அனுப்புவதில்லை. வருகிறவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். பாராட்டும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான், இந்தத் தண்ணீர் அன்றைக்கு அல்லவா இருந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. நான் சொல்ல வந்தது அந்த வருஷத்து ஐப்பசி.

மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கிணறு ஏறி ஏறி, ஒருநாள் காலையில் குனிந்தால் கைக்கு எட்டும் அளவுக்கு வந்துவிட்டது. அப்பா அன்று ஆபீசுக்குப் போகவில்லை. முந்தின நாளே ஆளைக் கூப்பிட்டு மோட்டாரைக் கழற்றிவிட்டிருந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். சமையலறை ஜன்னலில் நானும் அம்மாவும் நின்றோம்.

"ஏம்மா... இருக்கியாம்மா?" என்று சுவருக்கு மேலாகக் கூப்பிட்டார்.

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டபடி வெளியே வந்தாள்.

"தண்ணி பாரு, கைக்கு எட்டற மாதிரி வந்திருக்கு. மூடியைத் திறந்துக்கச் சொல்லும்மா அவன்கிட்ட. மோட்டாரை நான் எடுத்துட்டேன். இனிமே போட மாட்டேன். நீ எப்ப வேணா எடுத்துக்கோ, ராத்திரி பகல்னு பார்க்க வேணாம்."

அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். முகத்தில் கோபம் என்று ஒன்றும் இல்லை.

"இருக்கட்டும் சார். நாங்க பம்புலயே புடிச்சிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, குழந்தை நனையாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா திரும்பி நடந்தார். குடையை மடக்க மறந்து கூடம் வரைக்கும் வந்துவிட்டார். தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"என்ன சொன்னா?" என்று கேட்டாள் அம்மா.

"வேணாமாம்."

அம்மா அவர் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கினாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னை சார்னு கூப்பிடறா" என்றார்.

"கேட்டுது" என்றாள் அம்மா.